டிரைவர் சைடு ரெண்டு மில்லி

நான் கோபக்காரி. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது. சேலத்துல ஒரு பல் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பு நர்ஸா பத்தொன்பது வருஷமா இருக்கேன். பேரு அக்சிலியா. ஒரு கத்தரி இடம் மாறி இருந்தாலும் எந்த டாக்டரா இருந்தாலும் நிக்க வெச்சுக் கேட்டுடுவேன். அப்படிப்பட்ட என்னையே ஒரு மனுஷன் வருஷக்கணக்கா சிரிக்க வெச்சுக்கிட்டு இருக்காருன்னா, அவரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லித்தானே ஆகணும்.

மயில்சாமின்னு பேரு. எங்க லேப்ல வேலை. பேஷன்ட்டோட பல் அச்சு எடுத்துக் குடுத்தா, அதுல பிளாஸ்டர் ஊத்தி அச்சு அசலா அதே தாடையை வார்த்துத் தருவாரு. ஐம்பத்திரண்டு வயசு. மெலிஞ்ச ஆளு. சட்டைப் பையில பேனா இருக்குதோ இல்லையோ, ஒரு எஃகு ஸ்கேலும் வெர்னியர் காலிப்பரும் இருக்கும். பெரியவங்களையும் சாமிம்பாரு, சின்னப் பிள்ளைங்களையும் சாமிம்பாரு. சொந்த ஊரு திருச்செங்கோடு பக்கம். எங்க லேப்புக்கு வர்றதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டிக்கிட்டு இருந்தவரு.

லாரிப் பட்டறையில இருந்து பல் ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தாருன்னு கேக்கறீங்களா? பேஷன்ட்டாத்தான் வந்தாரு. சாரத்துல இருந்து விழுந்து முன்பல்லு நாலு போச்சு. எங்க ஆளுங்க ஒரு பல் செட்டு பண்ணிக் குடுத்தாங்க. மனுஷன் அதை வாயில போடாம மேஜை மேல வெச்சு, ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்துட்டு, "ஒரு பக்கம் கால் நூல் ஏறியிருக்குதுங்க"ன்னு சொன்னாரு. நூல்னா பட்டறைக் கணக்குல ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. அப்போ லேப் பொறுப்புல இருந்தவரு என்னை விடக் கோபக்காரரு. அப்படின்னா நீயே பண்ணிக்கன்னு அரத்தைத் தூக்கிக் கையில குடுத்துட்டாரு. இவரு சரிங்கன்னு சொல்லிட்டு உக்காந்து சாயங்காலம் வரைக்கும் ராவி, சரி பண்ணி, வாயில போட்டுச் சிரிச்சுக் காட்டினாரு. திங்கக்கிழமை வேலைக்கு வாங்கன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க.

எனக்கு ஆரம்பத்துல அவரைக் கண்டாலே ஆகாது. வந்த ஒரு வாரத்துல என்னைப் பார்த்து, "சிஸ்டரு, உங்களுக்குக் கிளீனர் சைடு தோளு முக்கா இஞ்சு தாழ்வுங்க"ன்னாரு. என்ன திமிரு பாருங்க. ஊட்டுக்குப் போய்க் கண்ணாடியில பாருங்கன்னு வேற சொன்னாரு. போய்ப் பார்த்தேன். தாழ்வாத்தான் இருந்துச்சு. இருபது வருஷமா ஒரே தோள்ல பையை மாட்டறவ நான். மறுநாள்ல இருந்து தோளை மாத்திக்கிட்டேன், ஆனா அவர்கிட்ட அதைச் சொல்லலை.

இந்தக் கிளீனர் சைடு, டிரைவர் சைடுங்கறதுதான் இந்தக் கதைக்கே மூலம். லாரிப் பட்டறையில வலது, இடதுன்னு பேச மாட்டாங்களாம். ஒருத்தன் வண்டிக்கு முன்னாடி நிப்பான், ஒருத்தன் பின்னாடி நிப்பான், அவன் வலது இவனுக்கு இடது. அதனால டிரைவர் உக்கார்ற பக்கம் டிரைவர் சைடு, கிளீனர் உக்கார்ற பக்கம் கிளீனர் சைடு. நீங்க எங்க நின்னாலும் அது மாறாது. எங்க தொழில்லயும் இதே தலைவலிதான். பேஷன்ட் எதிர்ல உக்காந்திருப்பாரு, அவரோட வலது எங்களுக்கு இடது. பத்து வருஷம் படிச்ச டாக்டருங்களே ஒரு நொடி கையைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்லுவாங்க. மயில்சாமி அண்ணன் வந்ததுல இருந்து, வார்த்த தாடைக்கு அடியில வலது பக்கம் 'டி'ன்னும் இடது பக்கம் 'கி'ன்னும் செதுக்கிடுவாரு. ஒரு வருஷத்துல லேப்பு, தியேட்டரு, எக்ஸ்ரே ரூம்னு எல்லாரும் லாரி பாஷைக்கு மாறிட்டோம். டிரைவர் சைடு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குங்கன்னு நானே சொல்லியிருக்கேன். மாதா மேல சத்தியமா, அதுக்கப்புறம் எங்க தியேட்டர்ல பக்கம் மாறினதே இல்லை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஜெரின் டாக்டர் வந்தாரு. தாடை ஆபரேஷன் ஸ்பெஷலிஸ்ட். எங்க சர்ச் பங்குப் பையன்தான், ஞாயித்துக்கிழமை ஞானோபதேச வகுப்புல என்கிட்ட காது திருகு வாங்கினவன். இப்போ டாக்டர், அதனால வாங்க போங்கன்னு கூப்பிடறேன், மனசுக்குள்ள மட்டும் டேய்தான். அவருக்கு ஒரு வைராக்கியம். தாடை ஆபரேஷன்ல போடற திட்டமும் முடிஞ்சப்புறம் வர்ற முடிவும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல விலகக் கூடாது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கு அப்புறமும் திரும்ப ஸ்கேன் எடுத்து, திட்டத்து மேல வெச்சுப் பார்த்து, எவ்வளவு விலகியிருக்குன்னு நோட்டுல எழுதுவாரு. முக்காவாசிப் பேரு பேஷன்ட் சந்தோஷமா இருந்தா போதும்னு விட்டுடுவாங்க. இவரு விட மாட்டாரு. அந்த விஷயத்துல எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவரு வந்துதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தினாரு. ஸ்கேனை ஜெர்மனியில இருக்கற ஒரு கம்பெனிக்கு அனுப்புவோம். அங்க ஒரு இன்ஜினியர் எலும்பை எங்க வெட்டணும், எவ்வளவு எடுக்கணும்னு கணக்குப் போட்டு, அதுக்கு ஒரு வழிகாட்டித் தகடு வரைவாரு. கோயம்புத்தூர்ல அதை அச்சடிச்சு, பேஷன்ட்டோட மண்டையோட்டை அப்படியே அச்சடிச்ச ஒரு மாதிரியையும் சேர்த்து பார்சல்ல அனுப்புவாங்க. தகட்டை எலும்பு மேல பொருத்தினா அதுல ரெண்டு கோடு மாதிரி சந்து இருக்கும். அந்த ரெண்டு சந்துலயும் வெட்டி, நடுவுல இருக்கற எலும்புப் பட்டையை எடுத்துட்டா, தாடை அவ்வளவு மேல ஏறும். எடுத்த எலும்பைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

கூடவே ஜெரின் டாக்டர் ஒரு உத்தரவும் போட்டாரு. இனிமே ரைட், லெஃப்ட் மட்டும்தான், இது ஆஸ்பத்திரி, லாரி ஷெட் இல்லை. லேப் சுவத்துல எழுதியே ஒட்டிட்டாரு. மயில்சாமி அண்ணன் அதைப் படிச்சுட்டு, சரிதானுங்களேன்னு சொல்லிட்டுப் போய் பிளாஸ்டர் கலக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

இப்போ தனப்பிரியாவைச் சொல்லணும். நாமகிரிப்பேட்டைக்காரி, இருபத்தி நாலு வயசு. அப்பா ராசப்பன் மஞ்சளும் மரவள்ளியும் போடற விவசாயி. இவ வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறா. நல்ல கைன்னு சொல்லுவாங்க, ராசிபுரத்துல இருந்தெல்லாம் துணி வரும். ஆனா அவளால நூலைப் பல்லுல கடிச்சு அறுக்க முடியாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்னாடி தொடவே தொடாது. அது மட்டும் இல்லை, மேல்தாடை வலது பக்கம் இறங்கிக் கோணலா இருக்கும். சிரிச்சா ஒரு பக்கம் ஈறு முழுசும் தெரியும், இன்னொரு பக்கம் ஒண்ணும் தெரியாது. அதனால அவ சிரிக்கறதையே விட்டுட்டா. பேசும்போதுகூட வாய்ல ஊசி வெச்சிருக்கற மாதிரி உதட்டை இறுக்கிக்கிட்டே பேசுவா.

ரெண்டு தடவை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டு ரெண்டு தடவையும் போயிட்டா. ஒரு தடவை வார்டுல பெட் போட்டு, கையில ஊசி குத்தறதுக்கு நான் திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம். ராசப்பன் அண்ணன் தலையில கையை வெச்சுக்கிட்டு நின்னாரு. பல்லுக்குக் கம்பி கட்டி ஒன்றரை வருஷம் தாடையைத் தயார் பண்ணி வெச்சிருக்கோம், இந்தப் பிள்ளை பண்ற வேலையைப் பாருங்கன்னு நான் கத்தினேன். மூணாவது தடவை அவளாவே வந்தா. ஒரு சனிக்கிழமையை ஆபரேஷனுக்குக் குறிச்சு, அதுக்கு மூணு வாரம் இருக்கறப்போ திட்டம் போட்டாங்க. மேல்தாடையை வலது பக்கம் மூணு மில்லி, இடது பக்கம் ஒரு மில்லி ஏத்தணும். கீழ்த்தாடையை அதுக்கு ஏத்த மாதிரி வெட்டிச் சேர்க்கணும்.

அன்னைக்கு லேப்ல அச்சு எடுக்க வந்தவ, மயில்சாமி அண்ணன்கிட்ட மாட்டினா. அவரு பிளாஸ்டர் கலக்கிக்கிட்டே, முட்டை லோடு ஏத்தற வண்டிக்குத் தான் கட்டின முதல் பாடியைப் பத்திச் சொன்னாரு. ஒரு பக்கம் ஒரு இஞ்சு சாய்ச்சுக் கட்டிட்டாராம். வண்டி பெங்களூரு போய்ச் சேர்றதுக்குள்ள கிளீனர் சைடு அடுக்கு பூரா ஆம்லெட்டு. ஓனரு கோபத்துல ஒரு வாளி மஞ்சக் கருவைக் கொண்டாந்து இவரு முன்னாடி வெச்சு, குடிடான்னு சொன்னாராம். நீங்க என்ன பண்ணீங்கன்னு இவ கேட்டா. "கொஞ்சம் உப்புக் கேட்டேனுங்க சாமி"ன்னாரு. தனப்பிரியா சிரிச்சா பாருங்க. உதடு, இறுக்கம் எல்லாம் மறந்து வாய் விட்டுச் சிரிச்சா. வாசல்ல ஜெரின் டாக்டர் நின்னுக்கிட்டு இருந்தாரு.

டாக்டர் முகம் மாறிடுச்சு. ஏன்னா ஒன்றரை வருஷமா எடுத்த எல்லா போட்டோலயும் அவ உதட்டை இறுக்கிக்கிட்டுதான் சிரிச்சிருக்கா. அந்தப் பொய்ச் சிரிப்பை வெச்சுத்தான் திட்டம் போட்டிருக்கு. நிஜச் சிரிப்புல வலது பக்கம் இன்னும் ரெண்டு மில்லி ஈறு கூடத் தெரியுது. உடனே உக்கார வெச்சு, மயில்சாமி அண்ணனை இன்னொரு லாரிக் கதை சொல்லச் சொல்லி, சிரிக்கச் சிரிக்க அளந்தாரு. மூணு இல்லை, அஞ்சு. அடுத்த ஆபரேஷனுக்கு நேரமாச்சு, அதனால ரைட் சைடு ரெண்டு மில்லி கூட்டச் சொல்லி ஜெர்மனிக்குச் சொல்லிடுங்கண்ணான்னு மயில்சாமி அண்ணன்கிட்ட சொல்லிட்டுத் தியேட்டருக்கு ஓடினாரு.

அந்த ஜெர்மனி இன்ஜினியர் கௌசிக். பையன் யாருன்னு நினைக்கறீங்க? திருச்செங்கோட்டுக்காரன். அவங்க அப்பாவுக்கு போர்வெல் போடற லாரி நாலு. வீடியோவுல ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா, முதல் பத்து நிமிஷம் ஊர்ல மழை பேஞ்சுதுங்களா, எந்தக் கடையில இப்போ பரோட்டா நல்லா இருக்குதுங்கறதுலயே போயிடும். இத்தனை நாளா உத்தரவுக்குப் பயந்து அடக்கி வெச்சிருந்த நாக்கு, ஊர்ப் பேச்சைக் கேட்டதும் பழைய வழியில போயிடுச்சு. "தம்பி, தனப்பிரியா கேஸுக்கு டிரைவர் சைடு ரெண்டு மில்லி சேத்தி ஏத்துங்க." சரிங்கண்ணான்னு கௌசிக் சொல்லிட்டான். நானும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கும் ஒண்ணும் தப்பாத் தெரியலை.

மாத்தின படம் மறுநாளே டாக்டர் போனுக்கு வந்துச்சு. அவரு வெளிநோயாளி கூட்டத்துக்கு நடுவுல பார்த்துட்டு, சரின்னு அனுப்பிட்டாரு. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வியாழக்கிழமை காலையில பார்சல் வந்துச்சு. பார்சல் வந்தா ஒரு தாள்ல நாங்க டிக் போடணும். பேஷன்ட் பேரு சரி, உடைசல் இல்லை, அளவு சரி. மூணுலயும் டிக் போட்டேன். அளவு எடுத்தேனான்னு கேக்காதீங்க. கத்தரிக்கு அவ்வளவு சண்டை போடறவ, அந்த டிக்கை அளக்காமத்தான் போட்டேன்.

அளந்தது மயில்சாமி அண்ணன். அவரை யாரும் அளக்கச் சொல்லலை. ஆம்லெட்டு ஆன நாள்ல இருந்து கைக்கு வர்ற எதையும் மூணு தடவை அளக்காம விட மாட்டாரு. மண்டையோட்டு மாதிரி மேல தகட்டைப் பொருத்தி, வெர்னியரை வலது சந்துக்கு நடுவுல வெச்சாரு. மூணு. இடது பக்கம் வெச்சாரு. மூணு. திரும்ப அளந்தாரு, அதேதான். ரெண்டு பக்கமும் சமமா மூணு மூணுன்னா என்ன அர்த்தம்? கோணல் தாடை கோணலாவே மேல போகும். அந்தப் பொண்ணு ஆபரேஷன் முடிஞ்சும் அதே ஒரு பக்க ஈறோடதான் வீட்டுக்குப் போவா. போனுல பார்த்த டாக்டருக்கு ஏன் தெரியலைங்கறீங்களா? சமமா இருக்கற படம் கண்ணுக்குச் சரின்னுதானே தெரியும்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டு கௌசிக்குக்குப் போன் போட்டாரு. அங்க அப்போதான் விடிஞ்சிருக்கு, காரை ஓட்டிக்கிட்டு ஆபீஸ் போயிட்டு இருந்தான். மயில்சாமி அண்ணன் கோபமே படலை. ரெண்டு மில்லி எந்தப் பக்கம் சேத்தீங்கன்னு கேட்டாரு. நீங்க சொன்ன பக்கம்தானுங்கண்ணா, டிரைவர் சைடுன்னான் அவன். அண்ணன் வெர்னியரை மேஜை மேல வெச்சுட்டுக் கேட்டாரு.

"தம்பி, அந்த ஊர்ல டிரைவர் எந்தப் பக்கம் உக்காருவாரு?"

அந்தப் பக்கம் கார் இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்குனு கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, இடது பக்கமுங்கண்ணான்னு சொன்னான். எட்டு வருஷமா இடது பக்கம் உக்காந்து ஓட்டறவன். டிரைவர் சைடுன்னதும் அவன் கை தானா இடது பக்கத்துக்குப் போயிடுச்சு. பையன் அழுவாத குறை. வண்டியை ஓரம் கட்டிட்டுப் பேசு சாமின்னு அண்ணன்தான் அவனுக்குத் தைரியம் சொன்னாரு.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. என் டிக் வேற தாள்ல இருக்கு. அதனால நான் ஒரு யோசனை சொன்னேன், இப்போ நினைச்சாலும் வெட்கமா இருக்கு. கம்பெனிக்காரங்க தப்புன்னு சொல்லிடலாம், உங்க பேரை இழுக்க வேணாம், டாக்டர் ஏற்கெனவே சுவத்துல எழுதி ஒட்டியிருக்காரு, உங்களை அனுப்பிடுவாருன்னேன். மயில்சாமி அண்ணன் என்னைப் பார்த்தாரு. எப்பவும் சிரிக்கற மனுஷன், அன்னைக்குச் சிரிக்கலை. தப்பு எங்க நடந்துச்சுன்னு மறைச்சுட்டா அடுத்த கேஸுலயும் அதே தப்பு நடக்குமுங்க சிஸ்டருன்னு சொல்லிட்டு, தகட்டை எடுத்துக்கிட்டு டாக்டர் ரூமுக்குப் போனாரு. நானும் பின்னாடியே போய், டிக் போட்டது நான்னு சொன்னேன். வேற வழி?

ஜெரின் டாக்டர் எல்லாத்தையும் கேட்டாரு. கோபம் காதுல தெரிஞ்சுச்சு. சின்ன வயசுல இருந்தே அவருக்குக் கோபம் வந்தா காதுதான் சிவக்கும். ஆனா பேசினது வேற. படத்தைப் பார்த்து சரின்னு அனுப்பினவன் நான், என்னைத்தான் முதல்ல சொல்லணும்னாரு. புதுத் தகடு வரணும்னா திரும்ப வரைஞ்சு, அச்சடிச்சு, சோதிச்சு அனுப்ப எட்டு நாள் ஆகும். சனிக்கிழமையைத் தள்ளி வைக்கறதுதான் முறைன்னாரு.

தனப்பிரியா அன்னைக்குக் காலையிலயே வந்து வார்டுல படுத்திருந்தா. டாக்டரே போய் ஒண்ணையும் மறைக்காம நடந்ததைச் சொன்னாரு. ராசப்பன் அண்ணன் எட்டு நாள்தானே, இருந்துட்டுப் போகட்டும்னாரு. தனப்பிரியா போர்வையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"எட்டு நாள் விட்டீங்கன்னா நான் திரும்ப வர மாட்டேனுங்க டாக்டர். எனக்கு என்னைத் தெரியும். வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

வேற வழி இருந்துச்சு. மண்டையோட்டு மாதிரி கையில இருக்கு. அது மேலயே அக்ரிலிக்கை வெச்சு, கையாலயே தகடு செஞ்சு, சந்தைச் சரியான அளவுல அறுக்கலாம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் கைவேலைதான். ஆனா ஒரே நாள்ல, அதுவும் இந்த அளவுக்குத் துல்லியமா? டாக்டர் மயில்சாமி அண்ணனைப் பார்த்தாரு. தனப்பிரியாவும் பார்த்தா. சரியா வருமாங்கண்ணான்னு கேட்டா. கண்டிப்பா வரும்னு அவரு சொல்லலை. "அளந்து அளந்து பண்றேன் சாமி. ஒரு மயிரிழை தப்புனாலும் நானே தூக்கிப் போட்டுட்டு வந்து சொல்லிடறேன்"னாரு. அது அவளுக்குப் போதுமா இருந்துச்சு. டாக்டரு, நாளைக்கு சாயங்காலம் நான் அளப்பேன், சரியில்லைன்னா தள்ளி வைக்கறதுதான், அப்போ நீ அழக் கூடாதுன்னு அவகிட்ட கண்டிப்பா சொல்லிட்டுத்தான் ஒத்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை முழுக்க லேப்புக்குள்ள நான் யாரையும் விடலை. மயில்சாமி அண்ணன் முதல் தகட்டை ராவி முடிச்சுட்டு, கால் மில்லி கூடுதுன்னு குப்பையில போட்டாரு. ரெண்டாவதையும் போட்டாரு. எனக்கு உயிரே போயிடுச்சு. மூணாவதைச் சாயங்காலம் நாலு மணிக்கு நீட்டினாரு. நான் அளந்தேன், டாக்டர் அளந்தாரு, போனுல கௌசிக்கு நாங்க அனுப்பின தகட்டோட ஸ்கேன் படத்தை வெச்சு அளந்தான். வலது பக்கம் அஞ்சு, இடது பக்கம் ஒண்ணு. இந்தத் தடவை டிக் போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவையும் அளந்துட்டுத்தான் போட்டேன். கிருமி போகச் சூட்டுல வெச்சா அக்ரிலிக் வளைஞ்சிடும்னு மருந்துல ஊற வெச்சோம்.

அப்புறமும் மயில்சாமி அண்ணனுக்கு மனசு ஆறலை. தகடு சரியா வெட்டிக் குடுத்துடும், ஆனா தாடையை ஏத்தினப்புறம் சரியா உக்காந்துதான்னு எதை வெச்சுப் பார்ப்பீங்கன்னு டாக்டரைக் கேட்டாரு. பாடி கட்டும்போது நகர்த்தற பலகையில இருந்து அளந்தா நம்மளையே ஏமாத்திப்போமுங்க, நகராத அடிச்சட்டத்துல, சேசிஸ்ல இருந்து அளக்கணும்னாரு. ஜெரின் டாக்டர் முதல் தடவையா லாரிப் பேச்சுக்குச் சிரிச்சாரு. அதுக்கு எங்க தொழில்ல ஏற்கெனவே ஒரு முறை இருக்கு. ரெண்டு புருவத்துக்கு நடுவுல, நகராத எலும்புல, ஒரு சின்ன ஊசிக் கம்பியை வெச்சு, அதுல இருந்து ரெண்டு பக்கக் கோரைப் பல்லுக்கும் அளக்கறது. தகடு வந்தப்புறம் அதை விட்டிருந்தோம். நாளைக்கு அதையும் வைக்கறோம்னு டாக்டர் சொன்னாரு.

சனிக்கிழமை காலையில நான் செபமாலையைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போனேன். ஆரம்பத்துல கம்பியில இருந்து அளந்தா வலது பக்கம் எழுபத்தாறு, இடது பக்கம் எழுபத்திரண்டு. கோணல் அவ்வளவு. முடியும்போது ரெண்டு பக்கமும் எழுபத்தொண்ணு வரணும், அதுதான் கணக்கு. உதட்டுக்கு உள்பக்கமாவே கீறி, தகட்டைப் பொருத்தி வெட்டி, பட்டையை எடுத்து, தாடையை மேல ஏத்தி டாக்டர் பிடிச்சுக்கிட்டாரு. நான் அளந்தேன். இடது எழுபத்தொண்ணு. வலது எழுபத்திரண்டு.

ஒரு மில்லி. மயக்க மருந்து டாக்டர் நேரமாகுதுன்னு சொன்னாரு, ஒரு மில்லி யாரு கண்ணுக்குத் தெரியப் போகுதுன்னும் சொன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். அந்தப் பொண்ணு பத்து வருஷமா கண்ணாடியில பார்க்கறா சார், அவ கண்ணுக்குத் தெரியும்னேன். ஜெரின் டாக்டர் உள்ள பின்பக்கம் விரலை விட்டுத் தடவினாரு. கடைவாய்க்குப் பின்னாடி ஒரு எலும்பு முனை இடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. அதை ராவிட்டுத் திரும்பத் தாடையை ஏத்திப் பிடிச்சாரு. நெத்தியெல்லாம் வேர்வை.

"சிஸ்டர், டிரைவர் சைடு எவ்வளவு?"

தியேட்டர்ல அத்தனை பேரும் அவரைப் பார்த்தோம். அவருக்கு என்ன சொன்னோம்னே தெரியலை. நான் காலிப்பரை வெச்சேன். எழுபத்தொண்ணு. கிளீனர் சைடும் எழுபத்தொண்ணு டாக்டர்னேன். அப்புறம்தான் ஸ்க்ரூவை எடுத்துக் கையில குடுத்தேன். கீழ்த்தாடையையும் முடிச்சு நான் வெளிய வந்தப்போ, மயில்சாமி அண்ணன் காலையில இருந்து குடிக்காத டீயோட படிக்கட்டுல உக்காந்திருந்தாரு. எழுபத்தொண்ணு ரெண்டும்னு சொன்னேன். டீ ஆறிடுச்சுங்களேன்னு சொல்லிட்டு அதை ஒரே மடக்கா குடிச்சாரு.

இப்போ எங்க ஆஸ்பத்திரி பார்சல் தாள்ல நாலாவதா ஒரு கேள்வி இருக்கு, ஜெரின் டாக்டர் தானே சேர்த்தது. பக்கத்தைப் பேஷன்ட்டோட கையைத் தொட்டுக் காட்டி உறுதி பண்ணியாச்சா? ஜெர்மனிக்கு வாய்ப்பேச்சா எதுவும் போகாது, எழுத்துதான், அதுவும் ரைட், லெஃப்ட்தான். சுவத்துல இருந்த உத்தரவை மட்டும் கிழிச்சுட்டாரு. மயில்சாமி அண்ணன் இன்னமும் தாடைக்கு அடியில 'டி', 'கி' செதுக்கறாரு, ஆனா பக்கத்துலயே சின்னதா 'இந்தியா'ன்னும் போடறாரு. கேட்டா, சொல்ல முடியாதுங்க சாமி, ஊரு ஊருக்கு டிரைவர் எடம் மாறி உக்காந்துக்கறானுங்கன்னு சொல்றாரு.

ஆறு மாசம் கழிச்சு தனப்பிரியா செக்கப்புக்கு வந்தா. வீக்கமெல்லாம் வத்தி, பழையபடி சாப்பிட ஆரம்பிச்சிருந்தா. ஸ்கேன் எடுத்தாங்க, திட்டத்துல இருந்து அரை மில்லிதான் விலகல், டாக்டர் நோட்டுல எழுதிக்கிட்டாரு. நேரா லேப்புக்கு வந்தா. மயில்சாமி அண்ணன் எழுந்திருச்சு, எப்படி இருக்கற சாமின்னு கேட்டாரு. அவ அவரு சட்டையையே பார்த்தா. ரெண்டாவது பட்டன் ஒரே நூல்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. உலகத்துல இருக்கற எல்லாத்தையும் அளக்கற மனுஷனுக்கு அது மட்டும் தெரியாது.

அவ கைப்பையில இருந்து ஊசியும் நூலும் எடுத்தா. ஆடாம நில்லுங்கண்ணான்னு சொல்லி, அவரு நின்ன வாக்குலயே பட்டனை வெச்சுத் தைச்சா. முடிச்சுப் போட்டுட்டு கத்தரியைத் தேடினா, நான் பழக்க தோஷத்துல எடுத்து நீட்டினேன். வேணாமுங்க சிஸ்டர்னு சொல்லிட்டு, குனிஞ்சு, முன்பல்லால அந்த நூலை நறுக்குன்னு கடிச்சா.

நூல் அறுந்துச்சு. அவ நிமிர்ந்து எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சா. மயில்சாமி அண்ணன் வெர்னியரை எடுக்கப் போன மாதிரி சட்டைப் பைக்குள்ள கையை விட்டாரு, ஆனா எடுக்கலை. அந்த மனுஷன் அழுதாரு. நான் அழுகலை. எனக்குக் கண்ணுல பிளாஸ்டர் தூசி.